மைலேஜுக்கு ஊரெல்லாம் வைத்தியர்

கார் வைத்திருப்பவனைப் பார்த்தால் நம் ஜனங்கள் முதலில் கேட்பது "என்ன விலை?" அடுத்தது "எவ்வளவு கொடுக்குது?" விலையைக் கொஞ்சம் குறைத்தும் மைலேஜைக் கொஞ்சம் கூட்டியும் சொல்வதுதான் மரியாதை. மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பெண் வீட்டில் சொல்வதுபோல, கேட்பவரும் மனசுக்குள் கழித்துக்கொள்வார், யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் நான் உள்ளதை உள்ளபடி, "லிட்டருக்கு 11" என்றேன். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் குழித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சின்ன கார்தானே சார்?" என்றார். துஷ்டி வீட்டில் கேட்கிற குரல்.

சின்ன கார்தான். மூன்று சிலிண்டர், 1000 சி.சி., செகண்ட் ஹேண்ட். புதிதாக வந்த காலத்தில் கம்பெனிக்காரர்கள் 21 சொச்சம் என்று, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போட்டிருந்தார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வயிற்றெரிச்சல் தீரும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில் காரை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். ஏ.சி. கிடையாது. உச்ச வேகம் 90. கோரிப்பாளையம் சிக்னல் கிடையாது, குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோ கிடையாது, பின் சீட்டில் "ஜன்னலைத் திறங்க, குமட்டுது" என்று சொல்ல ஆளும் கிடையாது. அப்படிப் பார்த்தால் 21 என்று எழுதியது மதுரைக்குள் 14, 15 கொடுத்தால் கார் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். 11 என்பது வியாதி.

வியாதி என்றதும் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள்.

மச்சானின் வைத்தியம், விடிகாலையில் பெட்ரோல் போடுவது. "குளிர்ச்சியில கெட்டியா இருக்கும் மாப்ளே, வெயிலேறினா ஆவியைத்தான் வாங்குவே." பங்க்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. மேலே வெயில் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே பெரிதாக ஒன்றும் மாறாது. அப்படியே 5 டிகிரி மாறியது என்று வைத்துக்கொண்டாலும், பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் விரியும். 10 லிட்டருக்கு 50 மில்லி. அதற்காக நான் தூக்கத்தைத் தியாகம் செய்வதாக இல்லை.

மாமனார் வேறு கட்சி. "500க்குப் போடாதீங்க மாப்பிள்ளை, 510க்குப் போடுங்க. ரவுண்டா கேட்டா மிஷின் கம்மியா ஊத்தும்." அவருக்கு நாடு முழுக்க ஆதரவாளர்கள் உண்டு. சந்தேகத்தைத் தீர்க்க அவரையே பங்க்குக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறை முத்திரை போட்ட 5 லிட்டர் அளவை ஒன்று இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். 25 மில்லி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பையன் ஆபீஸ் ரூமுக்குள் போய், தூசி தட்டி, கழுத்து குறுகலான அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ரவுண்டாக 5 லிட்டர் ஊற்றினான். கோட்டில் கச்சிதமாக நின்றது. மாமா குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். "நம்மளைப் பார்த்ததும் மிஷினைச் சரி பண்ணிட்டான்" என்றார்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம் ஒரு ஜோடியைச் சிபாரிசு செய்தார். பெட்ரோலின் மூலக்கூறுகளை அது வரிசையில் நிறுத்துமாம். ரேஷன் கடையிலேயே நிற்காத வரிசை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரிச் சாதனங்களை நூற்றுக்கும் மேல் சோதித்துப் பார்த்துவிட்டது. மைலேஜைச் சொல்லிக்கொள்ளும்படி உயர்த்தியது எதுவுமில்லை. அவரிடம் இதைச் சொன்னேன். "அமெரிக்கா பெட்ரோல் வேற" என்றார்.

அரசு பஸ் ஓட்டி ரிட்டையரான பெரியப்பாவின் சொல்லைத் தட்டுவதுதான் கஷ்டம். "இறக்கத்துல நியூட்ரல்ல விடுடா, எண்ணெயே குடிக்காது." கார்புரேட்டர் கார்களின் காலத்தில் இதில் ஏதோ கொஞ்சம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜினில் விஷயம் தலைகீழ். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் காய்ச்சி, ஆயுளையும் பந்தயம் கட்டுகிறார்.

கடைசியில், வைத்தியம் சொல்லாமல் வேலை பார்க்கிற ஒருவரிடம் போனேன். பட்டறையில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள், நானும் அப்படித்தான். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "அது குத்துமதிப்பா சொல்லும் சார். ஒரே பங்க், ஒரே மிஷின், ஆட்டோ கட் ஆகிற வரைக்கும் ஃபுல் பண்ணுங்க, ட்ரிப் மீட்டரை ஜீரோ வைங்க, ஓட்டிட்டு வந்து மறுபடி ஃபுல் பண்ணுங்க. எத்தனை லிட்டர் பிடிச்சுதோ அதால வகுங்க." வகுத்ததில் 11தான் வந்தது.

பிறகு காரையே கொஞ்ச தூரம் ஓட்டிவந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்குமாம். கொதிக்கவில்லை. டயரில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது, ஏற்றினார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி வைகை மணல். "இதை மாத்தணும், ஆனா இதனால மைலேஜ் போகலை" என்றார். பழைய கார்களில்தான் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடும். இப்போதைய கார்களில் காற்று குறைந்தால் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடும், இழுவைதான் போகும். டிக்கியில் பழைய பேட்டரி, 20 லிட்டர் தண்ணீர் கேன், யார் வீட்டுக்கோ திருப்பித் தரவேண்டிய எவர்சில்வர் அண்டா. 50 கிலோ சுமைக்கு ஒரு சதவீதம் போகலாம் என்றார். நான் சந்தேகப்பட்டது ஆக்சிஜன் சென்சாரை. அது கெட்டால் மைலேஜ் கணிசமாக விழும் என்பது உண்மைதான். ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் அது நல்லபிள்ளையாக வேலை செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பாய் டேஷ்போர்டைக் காட்டி, "இந்த நீல லைட்டு எப்ப அணையும்?" என்றார். என் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். காளவாசல் தாண்டியும் அணையாது என்றேன். ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பார்த்தபடி ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போனோம். ஏ.சி. குளிரில் அவர் ஸ்வெட்டர் தேடுகிற நேரத்திலும் இன்ஜின் 70 டிகிரியை எட்டவில்லை. திரும்பி வந்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஹோஸை ஒதுக்கிவிட்டு உள்ளே டார்ச் அடித்தார். தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

உள்ளே மெழுகு அடைத்த சின்னப் பித்தளைச் சாமான் அது. இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது. மெழுகு உருகி விரிந்தால்தான் வழிவிடும். காரை எனக்கு விற்றவருடைய மெக்கானிக் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். பாய் சிரித்தார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்னு சொல்லியிருப்பான். பாதிப் பட்டறையில இதே பாட்டுதான்." வால்வு போனதால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தது. கம்ப்யூட்டர், இன்னும் சூடு ஏறவில்லையே என்று தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலைக் கொட்டியது. கத்திரி வெயிலில் மதுரையே வெந்துகொண்டிருந்தபோது என் இன்ஜின் மட்டும் குளிரில் நடுங்கிக் கிடந்திருக்கிறது.

புது வால்வு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது ஊருக்குள் 14, திருச்சி ரோட்டில் 18. 21க்கு எட்டாத மிச்சத்தில் கொஞ்சம், பெட்ரோலில் கலந்து வரும் 20 சதவீத எத்தனாலின் கணக்கு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் இதனால் 6, 7 சதவீத மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. அதைக் கழற்ற பாயிடம் ஸ்பேனர் இல்லை. பால் பாக்கெட்டுக்கும் டியூஷனுக்கும் ஒரு கிலோமீட்டர் ஓடி அணைக்கிற காருக்குச் சூடு ஏற நேரமும் இல்லை.

ஆகவே, உங்கள் காரிலிருந்து எந்த மெக்கானிக்காவது, "நம்ம ஊருக்கு இது தேவையில்லை சார்" என்று எதையாவது கழற்றினால், தயவுசெய்து அதைக் கையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் சேர்த்துக் கொடுங்கள்.