போல்ட் ஓடினார், நேரலை ஓடவில்லை

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். அமெரிக்காவில் டிவி நிறுவனமான என்பிசி இணையத்தில் சுமார் 2,200 மணி நேர நேரலை என்று தண்டோரா போட்டது. நல்ல தரத்தில் பார்க்க மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்ற பிரவுசர் செருகுநிரல் வேண்டும்; அதுவும் இன்னும் சோதனையில் இருந்த 2ஆம் பதிப்பு. லினக்ஸ்காரரா? அப்புறம் பார்க்கலாம். பவர்பிசி சிப் போட்ட பழைய மேக்கா? வாசலோடு சரி.

விண்டோஸ்காரர் பாக்கியவான். இறக்கினார், நிறுவினார், பிரவுசரை மூடித் திறந்தார், தயாரானார். ஆனால் உசேன் போல்ட் 9.69 வினாடியில் முடித்த 100 மீட்டர் இறுதியை என்பிசி நேரலையில் விடவில்லை. அது ராத்திரி டிவிக்காம்!