முன்பனி, பின்பனி, மூன்று மணி

ஸ்கார்பரோ,
மாசி மாதம், ராத்திரி 3:10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். அத்தான்தான் காரணம். போன வாரம் உன் கையிலிருந்து போனை வாங்கி, "மாப்ளே, இனிமே ஒண்ணரை மணிக்கு போன் போடாதய்யா. உங்கக்கா மத்தியானத் தூக்கம் கெட்டுச்சுன்னா ராத்திரி குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுது" என்றார். சாப்பிடுகிறவர் சொல்கிறார், மறுத்துப் பேச முடியவில்லை.

இங்கே மூன்று மணி என்றால் அங்கே ஒன்றரை. நீ பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்து, ஃபேனுக்கு நேராகத் தலை வைக்கிற நேரம். எனக்குத் தூக்கம் போகிற அதே நிமிஷம் உனக்கு வருகிறது. சின்ன வயதில் ஒரே போர்வைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வோமே, அந்தக் கதைதான் இன்னும் நடக்கிறது. ஆகவே கடிதம். தபால்காரர் வந்து உன்னை எழுப்பினால் அத்தான் அவரிடம் பேசிக்கொள்ளட்டும்.

ஐப்பசியில் ஆரம்பித்தது. பத்தரைக்குப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறேன். மூன்று மணிக்கு யாரோ தோளைத் தொட்டு "எழுந்திரு, பஸ் வந்திருச்சு" என்று சொன்னதுபோல விழிப்பு வந்துவிடுகிறது. எந்த பஸ்ஸும் இல்லை. நம்மூர் ராத்திரியில் நாய் குரைக்கும், தவளை கத்தும், யாராவது இருமுவார்கள். இங்கே ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. ஊரே உப்பில் போட்டு மூடிவைத்த மாதிரி இருக்கிறது. சத்தமெல்லாம் வீட்டுக்குள்தான். அடித்தளத்தில் வெந்நீர்க் கொதிகலன் உறுமும். குளிர் கூடினால் மரச்சட்டங்கள் சுருங்கி, உத்தரத்தில் யாரோ சொடக்குப் போடுவது மாதிரி 'டப்' என்று கேட்கும். முதல் வருஷம் பேய் என்று நினைத்தேன். இப்போது பேயாக இருந்தாலும் பேச்சுத்துணைக்கு ஆகுமே என்று தோன்றுகிறது.

நடுராத்திரி என்று நான் எழுதினால் நீ சிவப்பு மையில் திருத்துவாய். முப்பது வருஷம் தமிழ் நடத்தியவள். யாமம் இரண்டு மணியோடு முடிந்தது, மூன்று மணி வைகறை. வைகறை மருதத்தின் சிறுபொழுது, மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். தொல்காப்பியர் கனடா பார்த்தவரில்லை, ஆனாலும் இலக்கணம் பிசகவில்லை. நான் புரண்டு படுத்ததும் உன் தம்பி மனைவி ஆரம்பிக்கிறாள்: "முழிச்சா நீங்க மட்டும் முழிச்சுக்கோங்க. போர்வையை ஏன் கூட்டிட்டுப் போறீங்க?" பெரும்பொழுதில்தான் சின்னக் குழப்பம். மாசி பிறந்தாயிற்று, கணக்குப்படி இது பின்பனி. இங்கே வாசலில் இரண்டடி, கொல்லையில் மூன்றடி. முன்பனியும் பின்பனியும் ஒரே நாளில் அள்ளவேண்டியிருக்கிறது.

வைத்தியம் செய்யாமல் இல்லை. முதலில் நீ சொன்னபடி வெதுவெதுப்பான பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்தேன். ஜாதிக்காய் தூங்க வைத்தது, பால் எழுப்பிவிட்டது. அப்புறம் டாக்டர். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று முதலில் கேட்டார். நான் இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவள் சுவரைப் பார்த்தாள். அதற்கொரு சோதனை எழுதிக்கொடுத்து, அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு அடுத்த கேள்வி: காபி எத்தனை மணிக்கு? சாயங்காலம் ஐந்தரை, கும்பகோணத்து ஃபில்டர் என்று பெருமையாகச் சொன்னேன். குடித்த காபியின் வேகத்தில் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகுமாம். அப்படியானால் பத்தரைக்கு நான் படுக்கும்போது அரை டம்ளர் காபியும் கூடவே படுக்கிறது. இப்போது மத்தியானத்துக்குமேல் அந்தப் பித்தளை ஃபில்டருக்கு ஓய்வு. நாள் முழுக்க எனக்கு இருக்கிற ஒரே துக்கம் அதுதான்.

தூக்கம் ஒரே கட்டியாக வருவதில்லையாம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முன்ராத்திரிச் சுற்றுகளில் ஆழம், பின்ராத்திரியில் முழங்கால் தண்ணீர்தான். அந்த மேலோட்டத்தில் எல்லாருமே விழிக்கிறார்கள், புரண்டு படுத்து மறந்துவிடுகிறார்கள். "நீங்கள் மறக்காமல் மணி பார்க்கிறீர்கள். ஏன் பார்க்கிறீர்கள்?" என்றார். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் மங்கல் வெளிச்சத்தில் ஏதாவது சப்பென்ற வேலை பார்க்கவேண்டும், கண்ணைச் சொருகினால் திரும்பவேண்டும். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். மணி பார்க்காமல் இருபது நிமிஷத்தை எப்படிக் கணக்குப் பண்ணுவது என்று கேட்டேன். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

கணக்கை நானே கண்டுபிடித்தேன். கண்ணை மூடி மன்னார்குடியில் கும்பகோணம் பஸ் ஏறுகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் ஜன்னலோரம் வருகிறார், டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறார், சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போகிறது. கேட் திறந்து வலங்கைமானைத் தாண்டும்போதும் விழித்திருந்தேன் என்றால் இருபது நிமிஷம் ஆகிவிட்டது, எழுந்துவிடலாம். பெரும்பாலும் கேட்டிலேயே தூங்கிவிடுகிறேன். அந்தக் கேட்டில் தூக்கம் வராதவன் தஞ்சாவூர் ஜில்லாக்காரனே இல்லை. (திருவாரூர் மாவட்டமாகிப் பல வருஷம் ஆயிற்று, தெரியும். திருத்தாதே.)

போன மாதம் ஒரு ராத்திரி. வெளியே மைனஸ் 20. 'கிக்' என்று ஒரு சத்தம். "பல்லி சொல்லுது" என்றாள் இவள், கண்ணைத் திறக்காமலே. கனடாக் குளிரில் பல்லி ஏது? "எந்த மூலையில சொல்லுதுன்னு பாருங்க, மூலைக்கு மூலை பலன் மாறும்." சொன்னது பல்லி இல்லை, புகை வந்தால் கத்துகிற அலாரம். பேட்டரி தீரப்போகிறது என்றால் நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படி முனகும். இந்த மாகாணத்தில் மாடிக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று என்று சட்டமே இருக்கிறது. லுங்கிமேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு கராஜிலிருந்து ஏணி எடுத்துவந்தேன். ஒன்றின் கீழே காத்து நின்றால் இன்னொன்று முனகுவதுபோல இருக்கும். அங்கே போனால் இது. ஒவ்வொன்றாக மூன்றையும் கழற்றிப் பேட்டரியை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். 'கிக்.'

அக்கா, அந்த நிமிஷம் எனக்குப் பல்லி சாஸ்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் இவள் எழுந்துவந்து, ஒன்றும் பேசாமல் அடுப்படி அலமாரியைத் திறந்து, அப்பளக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே நாலாவது அலாரம். கடுகு தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பொங்கலன்றைக்கே கழற்றி ஒளித்துவைத்திருக்கிறாள். சட்டவிரோதம் என்றேன். "அப்ப ரசத்துக்குத் தாளிக்காம இறக்கட்டுமா?" என்றாள். மறுநாள் புது பேட்டரி போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி மாட்டியாயிற்று.

அது ஏன் பகலில் முனகாமல் ராத்திரியில் முனகுகிறது, தெரியுமா? ராத்திரி ஹீட்டரைக் குறைத்துவிடுகிறோம். விடியலை ஒட்டி வீடு நன்றாகக் குளிர்ந்திருக்கும். வயதான பேட்டரிக்குக் குளிரில் தெம்பு இறங்கிவிடும். விளக்கம் படித்ததும் அதன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நம்ம ஜாதி.

சப்பென்ற வேலை என்று டாக்டர் சொன்னதற்காக நூலகத்தில் ஒரு சரித்திரப் புத்தகம் எடுத்தேன். அமெரிக்காவில் ரோஜர் எக்கிர்ச் என்கிற பேராசிரியர் 2005இல் எழுதியது, பழைய காலத்து ராத்திரிகளைப் பற்றி. சப்பென்று இல்லை, ஐந்து மணிவரை உட்காரவைத்துவிட்டது. மின்விளக்குக்கு முந்தைய ஐரோப்பாவில் ஜனங்கள் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரண்டாகத் தூங்கினார்கள், நடுவில் எழுந்து அடுப்பைப் பார்ப்பார்கள், ஜபம் செய்வார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள் என்று பழைய கோர்ட்டு வாக்குமூலங்கள், டைரிகளிலிருந்து காட்டுகிறார். 1990களில் தாமஸ் வேர் என்கிற டாக்டர் சிலரை ஒரு மாதம் தினமும் பதினாலு மணி நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தபோதும் தூக்கம் அப்படியே இரண்டாகப் பிரிந்ததாம். எல்லா ஜனங்களும் அப்படி இல்லை என்கிற ஆராய்ச்சியும் உண்டு. ஆப்பிரிக்காவில் மின்சாரமே இல்லாத வேட்டைக்கார ஜனங்கள் ஒரே மூச்சில் தூங்குகிறார்களாம்.

எனக்கு வேட்டைக்காரர்கள் வேண்டாம். நம் அப்பாயி போதும். ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, இரும்பு உரலில் வெற்றிலையை 'ணங் ணங்' என்று இடிக்கும். கொல்லைக் கதவைத் திறந்து மாட்டைப் பார்க்கும். செத்துப்போன நாத்தனாரை நாலு வார்த்தை திட்டும். திரும்பப் படுத்தால் பால்காரர் வரும்வரை எழாது. அதற்கு நோய் என்று ஒருத்தரும் பெயர் வைக்கவில்லை. நீயும் நானும் அந்தச் சத்தத்தில் ஒருதரம் விழித்து, அப்பாயி இருக்கிறது என்று திரும்பத் தூங்குவோம்.

நேற்று ராத்திரி கேட் திறந்தும் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் பார்த்தால் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, மூன்றே முக்காலுக்குக் கிளம்பவேண்டும். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போனேன். "என்ன தம்பி, நித்திரை வரேல்லையோ?" என்றார். நித்திரை! நம்மூரில் ஜோசியர்தான் அந்த வார்த்தையைச் சொல்வார். தினமும் இப்படித்தான் என்று முறையிட்டேன். "நீங்கள் சும்மா முழிச்சிருக்கிறியள். எனக்கு முழிச்சிருக்கச் சம்பளம் தாறாங்கள்" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மீதிப் பனியை நானே அள்ளிவிட்டு வந்து படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது, கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் அத்தானிடம் கேட்டுச் சொல். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதற்கப்புறம் என் மூன்று மணி உங்களுக்குப் பன்னிரண்டரை. நீ தூங்கப் போவதற்கு முன்னால், அத்தானுக்கு ரசம் ஊற்றுகிற நேரம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பரிமாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. அனுமதி உண்டா?

இப்படிக்கு,
அன்புத் தம்பி