மட்டாஞ்சேரி நாய்க்கு மூன்று மாத நோன்பு

கேள்வி: கொச்சியின் மட்டாஞ்சேரியில் வாழும் மிஷனரி குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தால், வளர்ப்பு நாயும் உடனே விமானம் ஏறலாமா?

பதில்: ஏற முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் நாயின் பாஸ்போர்ட்டை அதன் தோலுக்கடியில் தேடுகிறது. முதலில் மைக்ரோசிப், பிறகுதான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை. எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. பெட்டி கட்டும்போதுதான் இதை நினைத்தால் நாய் பிரிந்தே நிற்கும், பாவம்! இறுதியில் அரசுக் கால்நடை அதிகாரியின் சான்றிதழ்.

நாயுடன் திரும்புவது இப்போது எளிது. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் 2024இல் விலங்குத் தனிமைப்படுத்தல் மையம் திறந்தது. அதற்குமுன் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில்தான் இறங்க வேண்டியிருந்தது.