நகராமல் குமட்டுவது எப்படி: ஓர் ஆய்வுரை

கப்பலில் வாந்தி எடுத்தவர்களைப் பற்றி ஆய்வுகள் உண்டு. பேருந்தில் எடுத்தவர்களைப் பற்றியும் உண்டு. அவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது: பயணம் போனார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வருகிறவர்கூட, கடைசியில் மலைக்காவது போய்ச் சேர்கிறார். மெய்நிகர் உலகைக் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு ஓர் அங்குலமும் நகராமல் அதே கதிக்கு ஆளாகிறவரைப் பற்றியது இந்த ஆய்வுரை.

கள ஆய்வுக்கு ஷாப்பிங் மால் ஒன்றே போதும். அங்கே ரோலர் கோஸ்டர் காட்டும் மூலையில் நோய் நான்கு பருவங்களாக வளர்வதைக் காணலாம். முதற்பருவத்தில் ஆய்வுக்குரியவர் “செமடா!” என்று கத்துகிறார். அடுத்ததில் கத்தல் நின்றுவிடுகிறது. இல்லாத பள்ளத்துக்கு அஞ்சி, கை நாற்காலியின் பிடியைத் தேடுகிறது. மூன்றாவதில் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறார். மேலுதட்டில் வியர்வை பூக்கிறது. நான்காவதில் கருவியைக் கழற்றி, “ஒண்ணுமில்ல, லைட்டா தலை சுத்துது” என்கிறார். இந்த நான்கையும் நண்பர்கள் செல்போனில் பதிவு செய்துவிடுவதால் ஆய்வாளருக்குக் கருவிச் செலவு மிச்சம்.

இந்த அறிகுறிகளை அளக்க ஓர் அளவுகோல் வந்தது 1993இல். ராபர்ட் கென்னடி என்பவரும் (அதிபர் கென்னடியின் தம்பி அல்லர்) அவருடைய சகாக்களும், அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி சிமுலேட்டர்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார்கள். மொத்தம் 16 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி, கண்சோர்வு, வியர்வை, குமட்டல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஏப்பத்துக்கும் தனி இடம் உண்டு. விஆர் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இதே தாள்தான் பெரும்பாலும் நீட்டப்படுகிறது. விருந்து வீட்டில் நாம் ஏப்பத்துக்குத் தரும் மரியாதை பெரிதுதான். ஆனால் அதற்கு மதிப்பெண் போட நமக்குத் தோன்றவில்லை.

இனி காரணம். உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட் துகள்களைச் சுமந்த இரண்டு சிறு பைகள். தலை திரும்பினால் குழாய்களுக்குத் தெரியும். உடல் ஏறினாலும் இறங்கினாலும் துகள்களுக்குத் தெரியும். ஹெட்செட்டுக்குள் கண் “விழுகிறோம்” என்கிறது. காது “சும்மா உட்கார்ந்திருக்கிறோம்” என்கிறது. பேருந்தில் செல்போன் பார்க்கிறவருக்கு இதுவே தலைகீழ்: காது வளைவை உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைச் சாட்சி சொல்கிறது. இந்த முரண்தான் நோயின் வேர் என்று ரீசன், பிராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1975இல் புத்தகமாகவே எழுதினார்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் தகராறு என்றால் வயிறு ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? ட்ரீஸ்மன் என்ற ஆய்வாளர் 1977இல் ஒரு விளக்கம் சொன்னார். ஆதிமனிதனின் புலன்கள் முரண்பட்டால், அவன் ஏதோ விஷத்தைத் தின்றிருக்கிறான் என்றே பொருள். ஆகவே மூளை உடனே வயிற்றைக் காலி செய்ய உத்தரவிடும். ஹெட்செட் என்று ஒன்று வருமென்று மூளைக்கு யாரும் அறிவிப்பு தரவில்லை. இதை ஏற்காதவர்களும் உண்டு. முரண் ஒரு காரணமே அல்ல, உடல் தன் நிலையைச் சமாளிக்க முடியாமல் தடுமாறுவதே காரணம் என்று ரிச்சியோ, ஸ்டாஃப்ரெகன் இருவரும் 1991இல் எதிர்வாதம் வைத்தார்கள். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வயிறு தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை.

இது கணினி யுகத்தின் நோய் என்று நினைப்பவர்கள் 1894இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சிக்குப் போயிருக்க வேண்டும். அங்கே ‘பேய் ஊஞ்சல்’ ஒன்று இருந்தது. அறைக்குள் தொங்கும் பெரிய ஊஞ்சலில் மக்களை உட்கார வைப்பார்கள். ஊஞ்சல் ஆடும், ஆட்டம் கூடும், கடைசியில் தலைகுப்புறச் சுழலும். உண்மையில் ஊஞ்சல் ஏறக்குறைய அசையாது, அறைதான் சுழலும். மேசை, நாற்காலியெல்லாம் தரையோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தன. இயற்பியலாளர் ராபர்ட் வுட் இதை அறிவியல் இதழில் பதிவு செய்தார்: சூட்சுமம் தெரிந்த பிறகும் மயக்கம் விடவில்லை, தலைசுற்றிக் குமட்டி, கட்டடத்தை விட்டு நடந்து வெளியேறவே திணறியவர்கள் இருந்தார்கள். ஆக, ஒரு மின்னணுத் துண்டுகூட இல்லாமலே இந்த நோயை உற்பத்தி செய்ய முடிந்திருக்கிறது.

இந்த ஆய்வின் மையக் கருத்து இதுதான்: குமட்டுகிறவரைக் கேலி செய்வது அறிவியலுக்குப் புறம்பானது. அவர்தான் ஆரோக்கியவான். 1950களின் பிற்பகுதியில் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் உட்கார்ந்தவர்களில், புதிதாகக் கற்க வந்த மாணவர்களைவிட, வானத்தில் பறந்து பழகிய ஆசிரியர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். நிஜ ஹெலிகாப்டர் எப்படி ஆடும் என்று தெரிந்தவருக்குத்தானே போலி உறுத்தும்?

இதைவிட வலுவான சான்று கடலில் கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும், வாஷிங்டனில் காது கேளாதோருக்காக நடந்த காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பும் பழுதாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம், கொந்தளிக்கும் கடலில் படகில் ஏற்றி அவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் சாவகாசமாகச் சீட்டாடினார்கள். குறிப்பெடுக்க வந்த விஞ்ஞானிகள் வாந்தியெடுத்து, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. இதன்படி வாந்தி என்பது உள்காது நலமாக இருக்கிறது என்பதற்கான சான்றிதழ். அதை வாங்கக் கூச்சப்படத் தேவையில்லை.

மருந்துக்கு வருவோம். ஹெட்செட்டின் திரை நொடிக்கு 60 முறை மாறியதைத் தயாரிப்பாளர்கள் 90 ஆக்கினார்கள். தலை திரும்புவதற்கும் படம் திரும்புவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்றார்கள். விளையாட்டில் நடப்பதற்குப் பதில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்ற வைத்தார்கள். பலன் இருந்தது, முழுக் குணம் இல்லை.

ஆனால் அறிஞர் உலகின் கவனத்துக்கு உரியது, 2015இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் கண்டுபிடித்த மூக்கு. கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருந்தும் நாம் பொருட்படுத்தாத பொருள் சொந்த மூக்கு. விஆர் உலகில் மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. ஆகவே திரையின் அடியில் ஒரு மூக்கை வரைந்து வைத்தார்கள். அமைதியான வீட்டைச் சுற்றி வரும் காட்சியில் மூக்குள்ளவர்கள், மூக்கில்லாதவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். ரோலர் கோஸ்டரிலோ அந்த மூக்கு ஈட்டித் தந்தது சுமார் 2 நொடி. மேலும், தங்கள் முகத்தில் ஒரு மூக்கு முளைத்திருந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை.

மால் நிர்வாகங்களுக்கு இந்த ஆய்வின் பரிந்துரை: நாற்காலிக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வைக்கவும். முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு: உட்கார்ந்தே மாட்டுங்கள். எச்சில் ஊறத் தொடங்கியதும் வீரம் காட்டாமல் கண்ணை மூடிக் கழற்றிவிடுங்கள். தடுமாற்றம் சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை பைக் சாவி, வீடியோ எடுத்துச் சிரித்த நண்பரிடமே இருக்கட்டும்.