சொந்த வீட்டுக்கு வாடகை

அன்புள்ள மாமாவுக்கு,



"நீ வீடு வாங்கியாச்சு, இனி வாடகைத் தொல்லை விட்டது" என்று போனில் சந்தோஷப்பட்டீர்கள். மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். டெக்சாஸில் சொந்த வீட்டுக்கும் வாடகை உண்டு. சொத்து வரி என்பார்கள்.

இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. போடவே கூடாது என்று 2019-ல் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், ரோடு போட வேண்டும். அதனால் பள்ளி மாவட்டம், நகராட்சி, கவுண்ட்டி, கல்லூரி என்று ஆளுக்கு ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். எங்கள் டாலஸ் பக்கம் எல்லாம் சேர்ந்து ஊரைப் பொறுத்து ஒன்றரை சதவீதத்திலிருந்து இரண்டுக்கு மேலும் போகும். சம்பளத்தில் இல்லை மாமா, வீட்டின் விலையில்! வருஷா வருஷம்! பெரும் பங்கு பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளை இருக்கிறதா, படிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே உங்களுக்கு அரையாண்டு வரி. ஏப்ரலிலேயே கட்டினால் 5 சதவீதம் கழிவு. இங்கே ஜனவரி 31-க்குள் கட்டாவிட்டால் பிப்ரவரியில் 7 சதவீதம் கூடுதல். எனக்கு அந்தப் பயமில்லை. கடன் கொடுத்தவர்களே மாதத் தவணையோடு வரிக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வட்டி மாறாத கடன்தான். ஆனாலும் வரி ஏறினால் தவணையும் ஏறும்.

வீட்டின் விலையை யார் சொல்வது என்பதில்தான் வேடிக்கை. ஜனவரி 1 அன்று சந்தையில் என்ன விலை போகும் என்று மதிப்பீட்டு அலுவலகம் கணக்குப் போடும். ஆனால் என்ன விலைக்கு வாங்கினோம் என்று நாம் அரசாங்கத்திடம் சொல்லியாக வேண்டும் என்று இங்கே சட்டமில்லை. ஆகவே அவர்கள் ஊகிப்பார்கள், நாம் மறுப்போம். ஏப்ரல் வாக்கில் நோட்டீஸ் வரும். மறுக்க, பொதுவாக மே 15 வரை அவகாசம்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் "சாப்பிட்டாச்சா?" போய் "புரொட்டஸ்ட் பண்ணியாச்சா?" வந்துவிடும். தீபாவளி விருந்தில் கிரானைட் மேடையைத் தடவித் தடவிக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரர், மே மாதம் சுவர் விரிசல்களைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். விரிசல் பொய்யில்லை. இந்தப் பக்கத்துக் கரிசல் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், வீடு அசையும். கோடையில் செடிக்கு விடுவதுபோல அஸ்திவாரத்துக்கும் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறோம். விரிசலைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு முறையீட்டுக் குழுவின் முன் உட்கார வேண்டும். விற்கும்போது மாளிகை, வரியென்றால் மண்குடிசை.

இரக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குடியிருக்கும் வீடென்று பதிந்துவிட்டால், பள்ளி வரிக்கு 2025 முதல் 1,40,000 டாலரைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. சந்தை எவ்வளவு துள்ளினாலும் வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 65 வயதானால் பள்ளி வரி அதே தொகையில் நின்றுவிடும், மேலே ஏறாது. இந்த ஊரில் வயதை மறைக்காதவர்கள் வீட்டுக்காரர்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மே மாதம் நீங்களும் அத்தையும் வாருங்கள். உறவில் யார் வீடு கட்டினாலும் கிரகப்பிரவேசத்தன்றே "மாடிப்படி செங்குத்து, குளியலறையில் வாட்டம் சரியில்லை, அடுப்பு வாஸ்துப்படி இல்லை" என்று சொல்லி, பந்தியில் பாயசம் இரண்டாம் முறை வராமல் போனவர் நீங்கள். அந்தத் திறமைக்கு ஊரில் கெட்ட பெயர்தான் கிடைத்தது. இங்கே அதற்கு டாலரில் மதிப்பு. குழுவின் முன் அரை மணி நேரம் பேசுங்கள், போதும். நான் மொழிபெயர்க்கிறேன். டிக்கெட் காசில் பாதியாவது தேறிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்