ஒரே வருஷத்தில் 25 தடவை ஜெயித்தவர்

1956-ல் ஹாங்காங் நடிகர் குவான் டாக்-ஹிங்குக்கு ரெஸ்ட்டே கிடையாது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 25 படங்களில் அதே வோங் ஃபெய்-ஹங் வேஷம். இரண்டு வாரத்துக்கு ஒன்று! ஒரு படத்தை ஏழே நாளில் சுருட்டிவிடுவது அன்றைய கான்டனீஸ் சினிமாவில் சகஜம். கதை யோசிக்க எப்போது நேரம் என்கிறீர்களா? யார் யோசித்தார்கள்!

வோங் கற்பனை ஆள் அல்ல. தென் சீனாவில் நிஜமாகவே வாழ்ந்த குங்ஃபூ வாத்தியார், மூலிகை வைத்தியர். 1920-களில் கண் மூடியவரை, 1949-ல் டைரக்டர் வூ பாங் தட்டி எழுப்பினார். அதன்பின் அவருக்குத் தூக்கமே இல்லை.

குவான் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். நிஜ வோங்கின் பாணி ஹங் கார். குவானின் கைப்பழக்கம் வெள்ளைக் கொக்குப் பாணி. கண்டித்திருக்க வேண்டியவர் சமாதியில் இருந்தார். ஆகவே பிரச்னை இல்லை.

சரி, தினம் தினம் யாரை அடிப்பது? வில்லன் நடிகர் ஷி கியன் இருக்கிறாரே! படத்துக்குப் படம் பெயரை மாற்றிக்கொண்டு வருவார், அக்கிரமம் பண்ணுவார், உதை வாங்குவார். குவானின் வோங் லேசில் கை ஓங்க மாட்டார். முதலில் நீதி, நேர்மை, பொறுமை பற்றி முழு லெக்சர். வில்லன் சண்டைக்கு அவசரப்பட்டதன் ரகசியம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

லெக்சரால் பலன் உண்டா? அதே ஷி கியன்தான் 1973-ல் ‘என்டர் தி டிராகன்’ படத்தில் ஹான் என்ற மகா வில்லனாக வந்து ப்ரூஸ் லீயிடம் அடி வாங்கினார். அதில் இங்கிலீஷ் குரல்கூட இரவல். கெட்ட குணம் மட்டும் ஒரிஜினல்.

இப்படி 70-க்கும் மேற்பட்ட படங்களில் கட்டிக் காத்த புனித பிம்பம் என்னாச்சு? 1978-ல் யுவன் வூ-பிங் ‘டிரங்கன் மாஸ்டர்’ எடுத்தார். அதில் இளைஞர் வோங்காக ஜாக்கி சான்! பெண்ணிடம் வம்பு செய்து, அவள் அம்மாவிடமே மொத்து வாங்குகிற ஊர்சுற்றி. அந்தப் பெண் அவருக்கு அத்தை மகள் வேறு! ஜனங்கள் கோபித்தார்களா? படம் சூப்பர் ஹிட்.

அடுத்த வருஷமே அதே யுவன், ‘மேக்னிஃபிஸன்ட் புட்சர்’ படத்துக்கு 74 வயது குவானைத் திரும்ப வோங் ஆக்கினார். எதிராளி பாய்ந்து பாய்ந்து கெடுக்கப் பார்க்க, தாத்தா ஒரு கையால் தடுத்து, மறு கையால் பிரஷ் பிடித்து எழுதிக்கொண்டே இருப்பார். வாயால் சொன்னால் எவனும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.