இதயவெளியேற்றப் பிழையியல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று அளக்கப் புகுந்தார்க்குப் பிழை மூவகைப்படும் என்க: தோன்றல், திரிதல், கெடுதல். எழுத்துக்கு நன்னூலார் சொன்னதே இதற்கும் பொருந்தும். பிழையே இல்லாதது இயல்புப் புணர்ச்சி. எடுத்துக்காட்டு வந்துழிக் காண்க.

1970இல் ஸ்வான், கான்ஸ் குழுவினர் அறிவித்த பலூன் கதீட்டர் நுரையீரல் தமனியில் போய் நிற்கும். வலது மேலறையில் 10 மி.லி. குளிர்ந்த சலைனைச் செலுத்தினால், ரத்தம் எவ்வளவு குளிர்ந்தது என்று நுனியருகிலுள்ள வெப்ப உணரி வளைகோடாகக் காட்டும். கோட்டின் கீழ்ப் பரப்பு சிறுத்தால் ஓட்டம் பெரிது. வினை இங்கேதான். குளிர் எந்த வழியில் காணாமல் போனாலும், கருவி அதை இதயத்தின் வீரமாகவே வரவு வைக்கும்.

கெடுதலை முன்வைத்தது அதன் சிறப்பு நோக்கி. அது கைவழி, நோய்வழி என இரண்டு. ஐஸிலிருந்து எடுத்த சிரிஞ்சை நர்ஸ் பிடித்திருக்கிறார், டாக்டருக்கு ஃபோன். "ஒரு நிமிஷம் சிஸ்டர்." 0 டிகிரி சலைன் உள்ளங்கையில் 4 டிகிரி ஆகிறது. கருவி ஐஸ் வாளியின் வெப்பத்தையே நம்பியிருந்தால், 37 டிகிரி இடைவெளி 33 ஆனது அதற்குத் தெரியாது. ஓட்டத்தை 12 சதவீதம் கூட்டிச் சொல்லும். சிரிஞ்சில் 9 மி.லி.தான் இருந்தால் 11 சதவீதம். பேசி முடித்தவர், "பரவாயில்லையே, ஹார்ட் நல்லா பம்ப் பண்ணுதே" என்பார்.

நோய்வழி இன்னும் கொடிது. இதயம் தளர்ந்து ரத்தம் ஊர்ந்து போகையில், உணரியை எட்டுமுன்பே சுற்றியுள்ள திசு சலைனைச் சூடேற்றிவிடும், எண் கூடும். தளர்ச்சியை அறியத்தான் அளக்கிறோம். தளர்ந்தவரிடம்தான் கருவி முகத்துதி பாடுகிறது.

திரிதலாவது, டிரைகஸ்பிட் வால்வு ஒழுகி, சலைன் முன்னும் பின்னும் அலைய, வளைகோடு தாழ்ந்து நீள்வது. எண் பெரும்பாலும் குறையும். கூடுவதும் உண்டு என்பர் ஒருசாரார். வென்டிலேட்டர் மூச்சின் எந்தக் கட்டத்தில் செலுத்தினோம் என்பதும் எண்ணைத் திரிக்கும். தோன்றலாவது, அந்நேரம் பார்த்துப் பக்கத்து லைனில் டிரிப்பை வேகமாகத் திறந்துவிடுவது. விரிப்பின் பெருகும்.

இம்மூன்றிலும் அடங்காதது செய்யுள் விகாரம். மூன்று முறையாவது அளந்து, பத்து சதவீதத்துக்கு மேல் விலகியதை நீக்கி, சராசரி காண்பது முறை. வளைகோடு கெட்டிருந்தாலும் நீக்கலாம். காலை ரவுண்ட்ஸில் சொல்ல ஓசை நயமில்லாத எண்ணை நீக்குவதற்கு நூலில் விதி இல்லை, வழக்கில் உண்டு.

ஆகவே சிஸ்டர், டாக்டர் ஃபோனை எடுத்தால் சிரிஞ்சைத் திரும்ப ஐஸிலேயே போட்டுவிடுங்கள்.